இரண்டு நாற்காலிகள்

சென்ற மாதம் சர்க்கரை அளவு பார்ப்பதற்காகக் கவிதாவின் பரிசோதனைக் கூடத்துக்குப் போயிருந்தேன். கவிதா என்னிடம் வேலை கற்றவள். இன்று காரைக்காலில் சொந்தமாகக் கூடம் வைத்து, நான் பெயர்கூடக் கேள்விப்படாத இயந்திரங்களை எல்லாம் வாங்கிப் போட்டிருக்கிறாள். குழந்தைக்காக வைத்தியம் பார்க்கும் ஒரு தம்பதியின் முடிவுகளைக் கணினியில் தட்டி அனுப்பிக்கொண்டிருந்தாள். கணவனின் செல்போனுக்கும் மனைவியின் செல்போனுக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடுமாம்.

"உங்க காலத்துல ரிசல்ட் எப்படிக் குடுப்பீங்க மேடம்?" என்று கேட்டாள்.

"குடுக்கவே மாட்டோம்" என்றேன்.

விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். விளையாட்டு இல்லை. ஏன் கொடுக்கவில்லை, பிறகு ஏன் கொடுக்க ஆரம்பித்தோம் என்று சொல்லத் தொடங்கினேன். அதற்குள் அவளுக்கு ரத்தம் எடுக்க ஆட்கள் வந்துவிட்டார்கள். "எழுதிக் குடுங்க மேடம், நம்ம பிள்ளைங்க படிக்கட்டும்" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

புதுச்சேரியில் எனக்கு ஓராண்டுப் பயிற்சி. ரத்தம், சிறுநீர், மலம், சளி என்று எல்லாவற்றையும் பார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள் என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் அந்த ஆண்டின் பெரும்பகுதி நுண்ணோக்கியில் வைக்கும் கண்ணாடிச் சில்லுகளைக் கழுவித் துடைப்பதில் போனது. எழுபதுகளின் நடுவில் காரைக்காலுக்கு வந்து ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்தேன். கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த சிறிய கட்டடம் அது. கீழே நோயாளிகள், மாடியில் மருத்துவரின் வீடு. மருத்துவரை எல்லோரும் டாக்டரம்மா என்றுதான் சொல்வோம். அவருடைய அப்பா பிரெஞ்சுக்காரர் காலத்தில் ஏதோ அலுவலகத்தில் இருந்தவர். அந்தப் பழக்கத்தில் டாக்டரம்மா எதைக் கையில் கொடுத்தாலும், நன்றி என்பதற்கு, "மெர்சி" என்பார். திட்டி முடித்த பிறகும் "மெர்சி" என்பார். போய் வேலையைப் பார் என்று நாங்கள் எடுத்துக்கொள்வோம்.

அவர் திட்டுவது உரக்க இருக்காது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைப்பார். அதற்குள்ளாகவே எங்களுக்கு உள்ளங்கை வேர்த்துவிடும். சேர்ந்த புதிதில் ஒரு பெண் என்னிடம், "உடம்பு சூட்டுனாலதான் புள்ள தங்கலையாக்கா?" என்று கேட்டாள். நான் பெரிய மனுஷியாகத் தலையை ஆட்டி, "இருக்கும், இருக்கும்" என்றேன். டாக்டரம்மா கேட்டுவிட்டார். கண்ணாடி மேசைக்கு வந்தது.

"தெரிஞ்சா சொல்லு. தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. நடுவுல ஒண்ணும் சொல்லாத. நடுவுல சொல்றதுக்குத்தான் ஊரே இருக்கே."

ஊரே இருந்தது என்பது நிஜம். பிள்ளை இல்லாத பெண்ணுக்குக் கண்ணில் படுகிற ஆளெல்லாம் வைத்தியர்தான். உடம்புச் சூடு என்று ஒருத்தி சொல்வாள், வயிற்றில் பூச்சி என்று இன்னொருத்தி சொல்வாள். படுத்து எழுந்த வேகத்தில் நடந்தால் எல்லாம் வழிந்துவிடும் என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்வாள். வாரப் பத்திரிகையில் கேள்வி பதில் வரும், அதை வெட்டி வைத்துக்கொண்டு ரகசியமாகப் படிப்பார்கள். திருநள்ளாற்றில் மாதம் ஒரு முறை லாட்ஜில் வந்து தங்கும் வைத்தியர் ஒருவர் உண்டு. நாடி பிடித்துப் பார்த்து ஒரு டப்பா லேகியம் கொடுப்பார். சனிக்கிழமை கோயிலுக்கு வரும் கூட்டம் அப்படியே அவர் அறை வாசலிலும் நிற்கும்.

இவை எல்லாவற்றையும் விடக் கொடுமையானது கழுவுவது. கர்ப்பப்பையைக் கழுவி விடுவது என்று பேச்சில் சொல்வார்கள். உள்ளே சுரண்டி எடுப்பதுதான் அது. அழுக்குப் போனால் கரு தங்கும் என்று ஒரு நம்பிக்கை. ஆற்றைத் தாண்டி எந்த ஊருக்குப் போனாலும் அதைச் செய்துவிட ஆள் இருந்தது. கணவனை யாரும் ஒரு வார்த்தை கேட்டது கிடையாது. மனைவியை மேசைமேல் படுக்கவைத்துவிடுவார்கள்.

டாக்டரம்மாவிடம் அது நடக்காது. முதலில் ஆண், பிறகுதான் பெண். கணவனின் விந்தைப் பார்க்காமல் மனைவியின் உடம்பில் ஒரு ஊசிகூடப் போட மாட்டார். இதைக் கேட்டதும் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். "ஆம்பளையவா சோதிக்கிறது?" என்று மாமியார்கள் தெருவரைக்கும் பேசிக்கொண்டே போவார்கள்.

மீதிப் பாதிப் பேரோடு நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. வாய் அகன்ற கண்ணாடிப் புட்டி ஒன்றை நானே கழுவிக் காயவைத்துக் கொடுப்பேன். சோப்புப் போடாதீர்கள், சூடு காட்டாதீர்கள், எடுத்ததும் சட்டைக்குள் உடம்போடு வைத்துக்கொண்டு நேரே வாருங்கள் என்று சொல்வேன். ஒருவர் வெந்நீர் ஊற்றிய பிளாஸ்க்குக்குள் புட்டியைப் போட்டு, ஆறிவிடக்கூடாது என்று பத்திரமாகக் கொண்டுவந்தார். வெந்துபோயிருந்தது. இன்னொருவர் டிபன் கேரியரில் தயிர்சாதத்துக்கும் ஊறுகாய்க்கும் நடுத்தட்டில் வைத்து, மனைவியிடம் கொடுத்தனுப்பிவிட்டு பஸ் நிறுத்தத்திலேயே நின்றுவிட்டார். இதெல்லாம் சரிப்படாது என்று டாக்டரம்மா நோயாளிகளின் பெட்பேன்கள் வைத்திருந்த அறையைக் காலி செய்து, உள்ளே தாழ்ப்பாள் போட்டுக் கொடுத்தார். அந்த அறைக்குள் போன முதல் ஆள் ஜன்னல் வழியாக இறங்கி ஓடிவிட்டார். செருப்பை மட்டும் எங்களுக்கு விட்டுவிட்டுப் போனார்.

வந்து சேர்ந்ததை நான் பார்க்கும் முறை இதுதான். கெட்டியாக இருப்பது தானாக இளகும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு ஒரு சொட்டு எடுத்துச் சில்லில் வைத்து, மேலே மெல்லிய கண்ணாடி மூடி, முதலில் குறைந்த பெரிதாக்கலில் மெதுவாக ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நகர்த்திப் பார்க்க வேண்டும். உயிரணுக்கள் இருந்தால் மழைக்காலத்துக் குட்டையில் தலைப்பிரட்டை நெளிவது போலத் தெரியும். ஒன்றும் தெரியாவிட்டால் அவசரப்படக்கூடாது. கையால் சுற்றும் இயந்திரத்தில் போட்டுச் சுற்றி, அடியில் படிந்ததை எடுத்துப் பார்க்க வேண்டும். அதிலும் இல்லையென்றால் சில வாரம் கழித்து மறுபடி வரச்சொல்ல வேண்டும். அதற்குப் பிறகும் ஒருமுறை. அதுவரைக்கும் டாக்டரம்மா வாயைத் திறக்க மாட்டார்.

திறக்கும்போது காகிதம் கிடையாது. அதற்கு ஒரு காரணம் இருந்தது. நான் சேர்வதற்கு முன்பு ஒரு பெண்ணுக்குக் குழாய்ப் படம், அதாவது கருக்குழாய்க்குள் மருந்து செலுத்தி எக்ஸ்ரே, எடுத்திருக்கிறார்கள். கருக்குழாய் அடைத்திருப்பது அதில் தெரிந்தது. படத்தைக் கணவன் வீட்டார் வாங்கிக்கொண்டு போய் முதலில் ஜோசியரிடம் காட்டினார்கள். அப்புறம் ஊர்ப் பெரியவர்கள் முன்னால் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டினார்கள். அன்று சாயங்காலமே அந்தப் பெண் பெட்டியோடு அப்பா வீட்டுக்கு வந்துவிட்டாள். இவள் வயிற்றுக்குள் இருப்பதை ஊரே நின்று பார்த்தது. அவனை யாரும் எதுவும் கேட்கவில்லை. அதிலிருந்து டாக்டரம்மா எழுத்தில் எதையும் கொடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டார். வாயால்தான் சொல்வார். கணவனும் மனைவியும் எதிரே அக்கம்பக்கமாக உட்கார்ந்தால்தான் அதுவும். அதற்காகவே ஒரே அளவில் இரண்டு மர நாற்காலிகள் செய்யச் சொல்லி வாங்கிப் போட்டிருந்தார். புருஷன் முன்னால் எப்படி உட்காருவது என்று பெண்கள் சுவரை ஒட்டி நிற்பார்கள். "நீ உக்காந்தாத்தான் பேசுவேன்" என்று சொல்லிவிட்டு அவர் தன் பாட்டுக்குப் பேனாவைத் துடைத்துக்கொண்டிருப்பார். கடைசியில் உட்கார்ந்துதான் ஆக வேண்டும்.

இருவர் காதிலும் ஒரே நேரத்தில் விழுந்துவிட்டால் உண்மை நிற்கும் என்று அவர் நம்பினார். நானும் நம்பினேன். வசந்தா வரும்வரை.

வசந்தா கோட்டுச்சேரியில் வாழ்க்கைப்பட்டவள். நெல் விவசாயக் குடும்பம். கணவர் ராமலிங்கம் ஒரு அரிசி ஆலையில் கணக்கு எழுதினார். வசந்தாவுக்குப் பிறந்த வீடு திருநள்ளாற்றுக்குப் பக்கத்துக் கிராமம். அவளுக்கு மாலா என்று ஒரே தங்கை. பள்ளிக்கூடம் முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். வசந்தா பத்தாவது வரை படித்தவள், எதைச் சொன்னாலும் ஏன் என்று கேட்பாள். எனக்கு அவளைப் பிடித்துப்போனதற்கு அதுதான் காரணம். எங்களிடம் வருவதற்கு முன்பே வெளியூர்களில் மூன்று தடவை அவளைக் கழுவியிருந்தார்கள். மூன்றாவது தடவைக்குப் பிறகு மாதவிலக்கே சரியாக வருவதில்லை என்றாள். "அழுக்கெல்லாம் போயிடுச்சு, அதான்னு சொல்றாங்கக்கா. நெசமா?" என்று கேட்டாள். டாக்டரம்மாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்டேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "அழுக்குப் போகல. சுரண்டிச் சுரண்டிக் கர்ப்பப்பையையே புண்ணாக்கி வச்சிருக்காங்க" என்றார்.

அவள் எங்களிடம் வந்ததற்கு ஒரு அவசரம் இருந்தது. மாமியார் தையல்நாயகி அம்மாள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். மகனுக்கு இன்னொரு பெண் கட்ட வேண்டும். வெளியிலிருந்து ஒருத்தி வந்தால் வசந்தாவை வீட்டில் இருக்கவிட மாட்டாள். அதனால் வசந்தாவின் தங்கையையே கட்டிவிடலாம். இப்படிச் செய்வது நம் பக்கத்தில் புதிதல்ல, பெரிய மனசு என்றுதான் பேர். பெண்ணின் அப்பாவும் பெரிய பெண் வாழாவெட்டியாகத் திரும்பி வராமல் இருந்தால் போதும் என்று தலையாட்டிவிட்டார். வசந்தா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "என் தங்கச்சியக் கேக்குறதுக்கு முந்தி, ஒரே ஒரு தடவை நீங்களும் சோதிச்சுப் பாத்துக்குங்க" என்று கணவரிடம் கெஞ்சியிருக்கிறாள். அவர் ஒத்துக்கொண்டார். அதுவரைக்கும் அவரை நல்ல மனிதர் என்றுதான் சொல்ல வேண்டும்.

முதல் தடவை சில்லில் ஒன்றும் இல்லை. சுற்றிப் பார்த்தேன், அடியிலும் இல்லை. கணவர் மறுபடி புட்டியோடு உள்ளே போயிருந்த ஒரு நாள், தையல்நாயகி அம்மாள் என் ஜன்னலுக்கு வெளியே இருந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கெட்ட மனுஷி இல்லை அவர். மகன்மேல் உயிர்.

"ஏம்மா, எம்மவனுக்கு ஒரு குறையும் இருக்காது, பாரு" என்று ஆரம்பித்தார். "அவனை நான் வளத்த மாதிரி யாரு வளத்தா? மீசை மொளைக்கிற வயசுல பொன்னுக்குவீங்கி வந்துச்சு அவனுக்கு. கழுத்து ரெண்டு பக்கமும் வீங்கிப் போச்சு. அப்பறம் கீழயும் எறங்கி, நடக்க முடியாம படுத்த படுக்கையாக் கெடந்தான். என் கழுத்துச் சங்கிலியக் கழட்டி அவன் கழுத்துல போட்டு வுட்டேன். தங்கம் பட்டு அப்படியே வடிஞ்சிடுச்சு, தெரியுமா?"

சொல்லும்போது கழுத்துச் சங்கிலியைத் தொட்டுக் காட்டினார். அதே சங்கிலிதான். நான் போய் டாக்டரம்மாவிடம் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த கை நின்றது. அந்த வயதில் வீக்கம் விதைக்கு இறங்கினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். அன்றைய சில்லிலும் ஒன்றும் இல்லை. சரி, மூன்றாவது தடவையும் பார்ப்போம் என்றார். பார்த்தேன். ஒரு சொட்டுக்கு நான் அவ்வளவு நேரம் செலவழித்தது அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. ஒன்றாவது இருக்காதா என்று கிடந்து தேடினேன். இல்லை.

இரண்டு நாற்காலியிலும் இருவரும் உட்கார்ந்தார்கள். சில்லுகளை எடுத்துவந்த நான் கதவோரம் நின்றேன். டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை.

"தம்பி, உங்க விந்துல உயிரணு இல்ல. சின்ன வயசுல வந்த வீக்கத்துல அந்த உற்பத்தி நின்னு போயிருக்கு. இதுல உங்க தப்பு ஒண்ணும் இல்ல. ஆனா இதுக்கு மருந்து கிடையாது, ஊசி கிடையாது. யாராவது இருக்குன்னு சொன்னா நம்பாதீங்க. உங்க ஆம்பளைத்தனத்துக்கு இதுனால ஒண்ணும் குறைச்சல் இல்ல. புள்ளை மட்டும் பொறக்காது. வேற பொண்ணக் கட்டினாலும் பொறக்காது. ஒரு புள்ளைய எடுத்து வளக்கலாம், நான் உதவி பண்றேன்."

ராமலிங்கம் மடியில் இருந்த துண்டை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார்.

வசந்தா நிமிர்ந்து கேட்டாள். "அப்ப என்னைய மூணு தடவை கழுவுனதெல்லாம்?"

"தேவையில்லாதது" என்றார் டாக்டரம்மா.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

ராமலிங்கம் கடைசியில் ஒன்றுதான் கேட்டார். "இது வெளியில தெரியணுங்களா?"

"என் வாயாலயும் என் ஆளுங்க வாயாலயும் வராது. நீங்க ரெண்டு பேரும் சொன்னாத்தான் உண்டு."

ராமலிங்கம் எழுந்து வெளியே போனார். பெஞ்சிலிருந்த தையல்நாயகி அம்மாள், "என்னப்பா சொன்னாங்க?" என்றார்.

"நான் நல்லாத்தான் இருக்கேனாம்மா" என்றார் அவர். குரல் நடுங்கக்கூட இல்லை.

"அத்தே, அப்படிச் சொல்லல" என்றாள் பின்னாலேயே வந்த வசந்தா. "அவங்களுக்குத்தான்..."

"எங்க காயிதம்? காட்டு" என்றார் மாமியார்.

காகிதம் இல்லை. வசந்தா என்னைப் பார்த்தாள். நான் பேசக்கூடாது என்பதுதான் எங்கள் தொழில் விதி. உள்ளே ஓடி டாக்டரம்மாவை அழைத்துவந்தேன். அவர் ராமலிங்கத்துக்கு நேரே நின்று, "தம்பி, உங்க அம்மாகிட்ட நான் சொல்லட்டுமா?" என்று கேட்டார். ராமலிங்கம் நிமிர்ந்து பார்க்காமல், "வேணாங்க" என்றார். டாக்டரம்மா அங்கேயே நின்றார். கொடுத்த வாக்கு அவரைக் கட்டிப் போட்டிருந்தது. தையல்நாயகி அம்மாள் மருமகளைப் பார்த்து, "கட்டினவன் மேலயே பழி போடுறியாடி?" என்றார். மூன்று பேரும் படியிறங்கிப் போனார்கள். வசந்தா கடைசியாகப் போனாள்.

அடுத்த வாரம் அவள் தனியாக பஸ் ஏறி வந்தாள். கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள் என்றாள்.

"ஒரு காயிதம் எழுதித் தாங்க டாக்டரம்மா. அதோட நான் எங்கப்பாகிட்டப் போறேன். என் தங்கச்சிய விட்டுருவாங்க."

டாக்டரம்மா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த மனிதரின் உடம்பைப் பற்றி அவர் சம்மதம் இல்லாமல் எழுதுவது அவருக்குச் சாதாரண விஷயமில்லை. "முதல் பொண்டாட்டி இருக்கும்போது ரெண்டாம் கல்யாணம் சட்டப்படி செல்லாது, தெரியுமில்ல?" என்றார். "கோயில்ல வச்சுத் தாலி கட்டுனா யாருங்க கேக்கப் போறா?" என்றாள் வசந்தா. அது உண்மைதான். டாக்டரம்மா எழுதினார். யாருக்கும் புரிய வேண்டும் என்று தமிழில், தனித்தனி எழுத்தாக எழுதிக் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். தன் வழக்கத்தை அவர் மீறி அன்றுதான் பார்த்தேன்.

அது பலிக்கவில்லை. பெண் டாக்டர் பெண்ணுக்குப் பரிந்து எழுதியது என்று ராமலிங்கம் வீட்டில் சொல்லிவிட்டார்கள். வசந்தாவின் அப்பா இரண்டும் கெட்டானாகத் தவித்து, மருமகனைத் திருநள்ளாற்று லாட்ஜ் வைத்தியரிடம் அழைத்துப் போயிருக்கிறார். வைத்தியர் நாடியைப் பிடித்துக் கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, "ஆண் பிள்ளையே பொறக்கும்" என்று சொல்லிவிட்டார். அப்பாவுக்கு அந்த வார்த்தைதான் வேண்டியிருந்தது. கல்யாணம் நடந்தது.

செய்தி வந்த அன்று டாக்டரம்மா நோயாளிகளைப் பார்க்கவில்லை. மறுநாள் என்னைக் கூப்பிட்டு, "இனிமே ரெண்டு காயிதம். புருஷனுக்கு ஒண்ணு, பொண்டாட்டிக்கு ஒண்ணு. அவங்கவங்க கையில. வாங்குறதுக்குச் சம்மதம்னு முதல்லயே கேட்டுட்டுத்தான் புட்டியே குடுக்கணும்" என்றார். கவிதாவின் கணினி இன்று செய்வதை நாங்கள் அன்றே கையால் செய்ய ஆரம்பித்தோம். வசந்தாவுக்கு அது உதவவில்லை.

இரண்டு வருஷம் இருக்கும். ஒரு காலை, கோட்டுச்சேரி பஸ்ஸில் வசந்தாவும் இன்னொரு பெண்ணும் வந்து இறங்கினார்கள். முகச் சாயலிலேயே மாலா என்று தெரிந்துவிட்டது. டாக்டரம்மா இருவரையும் உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். இரண்டு நாற்காலியிலும் அக்காவும் தங்கையும் உட்கார்ந்தார்கள்.

டாக்டரம்மா மாலாவிடம் கோபமாகவே கேட்டார். "நான் எழுதுனத உங்க அக்கா உன்கிட்டக் காட்டலையா?"

"முதல்ல எங்கிட்டத்தான் காட்டுச்சுங்க."

"நம்பலையா நீ?"

"நம்புனேங்க."

"அப்பறம் ஏன் கழுத்த நீட்டுன?"

மாலா அக்காவைப் பார்த்தாள். அப்புறம் நிதானமாகச் சொன்னாள். "நான் மாட்டேன்னு சொன்னா வேற ஒருத்தியக் கொண்டாந்துருப்பாங்க. அவ வந்த அன்னைக்கே அக்காவ வெளிய தள்ளியிருப்பா. அக்காவுக்குப் போக எடம் ஏதுங்க?"

வசந்தா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டு வருஷமாக அவளுக்கு இது தெரியும், இருந்தாலும் இன்னொருவர் முன்னால் சொல்லிக் கேட்பது வேறு. எனக்கு அந்த அறையில் நிற்க முடியவில்லை. ஆனால் நின்றேன்.

அவர்கள் வந்த காரணம் வேறு. மாமியார் இப்போது மாலாவைக் கழுவ அழைத்துப்போகிறேன் என்று நிற்கிறார். நாள்கூடப் பார்த்துவிட்டார். "எனக்குப் பண்ணுனத இவளுக்கும் பண்ணிடுவாங்க டாக்டரம்மா. அது மட்டும் நடக்கக்கூடாது" என்றாள் வசந்தா. "இங்க வைத்தியம் நடக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. பெரிய டாக்டர் பாக்குறாங்க, வேற யாரும் தொடக்கூடாதுன்னு சொல்லுங்க. அத்தை கேட்டுக்குவாங்க."

இல்லாத வைத்தியத்தை இருக்கிறது என்று சொல்ல வேண்டும். நடுவில் ஒன்றும் சொல்லாதே என்று எனக்குச் சொன்னவர் அவர். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். யாரைத் திட்டப் போகிறார் என்று எனக்குப் புரியவில்லை. பிறகு எடுத்துப் போட்டுக்கொண்டு எழுதினார். மாலா தன் பார்வையில் இருப்பதாகவும், அவளுடைய கர்ப்பப்பையில் வேறெங்கும் யாரும் கை வைக்கக்கூடாது என்றும், மாதாமாதம் இங்கே வர வேண்டும் என்றும் எழுதினார். அதில் பொய்யென்று எதையும் காட்ட முடியாது. அப்படி யோசித்து எழுதியிருந்தார்.

இந்தக் காகிதத்தைத் தையல்நாயகி அம்மாள் நம்பினார். டாக்டரம்மா எழுதிய உண்மையை நம்பாதவர், நம்பிக்கை தருகிற மாதிரி எழுதியதும் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாராம்.

அதன் பிறகு மாதாமாதம் அக்காவும் தங்கையும் வந்தார்கள். இருவருமாக உட்கார்ந்து டாக்டரம்மாவோடு பேசிக்கொண்டிருப்பார்கள். கதிர் எப்படி, வாய்க்காலில் தண்ணீர் வந்ததா, ஆலையில் வேலை இருக்கிறதா என்று பேச்சுப் போகும். பிள்ளைப் பேச்சு வராது. நான் மாலாவின் ரத்தத்தைச் சோதித்து, சத்து மாத்திரை கொடுப்பேன். மாமியார் கேட்டால் காட்ட மாத்திரை வேண்டும் அல்லவா? ராமலிங்கம் ஒருநாளும் கூட வந்ததில்லை. ஒருமுறை கடைத்தெருவில் எதிரே வந்தவர், என்னைக் கண்டதும் துணிக்கடைக்குள் நுழைந்துகொண்டார். அவருக்கும் அது ஒரு நரகமாகத்தான் இருந்திருக்கும். ஆனாலும் எனக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை, இன்றுவரை வரவில்லை.

எண்பதுகளின் கடைசியில் தையல்நாயகி அம்மாள் இறந்துபோனார். காரியமெல்லாம் முடிந்து இருவரும் வந்தார்கள். டாக்டரம்மாவுக்கும் அப்போது வயதாகிவிட்டது, படியேறினால் மூச்சு வாங்கும். "இனிமே நீங்க இதுக்காக வர வேணாம்மா. யாரும் கேக்கப் போறதில்ல" என்றார்.

மாலா எழுந்திருக்கவில்லை. "எனக்கு ஒண்ணே ஒண்ணு பண்ணித் தாங்க டாக்டரம்மா" என்றாள். "அந்தக் குழாய்ப் படம் எனக்கு எடுத்துப் பாருங்க."

"எதுக்கும்மா? இனிமே தெரிஞ்சு என்ன செய்யப் போற?"

"ஒண்ணும் செய்யப் போறதில்லங்க. ஊருல என்னை மலடின்னு சொல்றாங்க. நானும் சில நேரம் அப்படித்தானோன்னு நெனைச்சுக்குறேன். தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான்."

படம் எடுத்தோம். மருந்து இரண்டு குழாய்களிலும் தடையில்லாமல் ஓடி வெளியே வழிந்திருந்தது. டாக்டரம்மா படத்தைப் பார்த்தார், என்னிடம் கொடுத்தார், மறுபடி வாங்கிப் பார்த்தார். இருவரையும் பழையபடி உட்காரவைத்துவிட்டுச் சொன்னார்.

"ரெண்டு பக்கமும் நல்லா இருக்கு மாலா. மத்ததும் சரியாத்தான் இருக்கு. உனக்குப் பொறந்திருக்கும்."

மாலா தலையை ஆட்டினாள். வசந்தா தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள். அக்காவை அப்படிச் சுரண்டாமல் விட்டிருந்தால் அவளுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று அங்கே இருந்த நான்கு பேருக்கும் தெரியும்.

"இத ஒரு காயிதத்துல எழுதித் தாங்க" என்றாள் மாலா.

"யாருகிட்டக் காட்டப் போற?"

"யாருகிட்டயும் இல்லங்க. நான் வச்சுக்குறதுக்கு."

டாக்டரம்மா எழுதினார். ஒரு வரியை அடித்துவிட்டு மறுபடி எழுத வேண்டியிருந்தது. முத்திரையை நான் குத்தினேன். மாலா வாங்கி ஒரு முறை படித்தாள், மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் நாற்காலிகளை இழுத்து மேசையோடு சேர்த்துப் போட்டுவிட்டுக் கோட்டுச்சேரி பஸ்ஸுக்குப் போனார்கள்.